1/144 சரக்குக் கப்பல்: பழுப்பு வாஷ் ஊற்றினேன், கால் வெடித்தது. விண்வெளியில் ஒழுகல் கறை வருமா?

12 அக்டோபர் 2024, சனி, இரவு 9.15 (கேட்டவர்)

அண்ணே, மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்திலேருந்து எழுதுறேன். 1/144 அளவு (நிஜத்துல 144ல ஒரு பங்கு) விண்வெளிச் சரக்குக் கப்பல் மாடல், பசை இல்லாம சொருகுற கிட். வெளிர்சாம்பல் லாக்கர் ஸ்ப்ரே அடிச்சு, மேட் கிளியர் (பளபளப்பில்லாத, நிறமில்லாத மேல்பூச்சு) போட்டு, அதுக்கு மேல பழுப்பு எனாமல் வாஷை (தின்னர்ல நீர்க்கக் கரைச்ச பெயின்ட்) முழுக்கப் பூசித் துடைச்சேன். கப்பல் பழசான மாதிரி இல்ல, தேத்தண்ணியில முக்கி எடுத்த மாதிரி இருக்கு. காலையில பார்த்தா தரையிறங்குற கால் மூணுல ரெண்டு அடியோட வெடிச்சிருக்கு. பிளாஸ்டிக் மட்டமா? இன்னொன்னு, விண்வெளியில மழையே கிடையாதே, எல்லாரும் ஏன் ஒழுகல் கறை போடுறாங்க? அது தப்புன்னுதான் நான் நினைக்கிறேன்.

12 அக்டோபர், இரவு 10.40

பிளாஸ்டிக் மேல் பழி போடாதீங்க தம்பி, இது எனாமல் தின்னர் செய்த வேலை. சொருகும் கிட்டில் ஆணி, அதாவது துளைக்குள் நுழையும் பிளாஸ்டிக் முனை, துளையை விட ஒரு மயிரிழை தடிமன். அதனால்தான் பசை இல்லாமல் நிற்கிறது. அந்த இடத்துப் பிளாஸ்டிக் எந்நேரமும் விரிந்து இழுபட்டபடியே இருக்கும். வாஷை முழுக்க ஊற்றினால் தின்னர் இடுக்கு வழியே துளைக்குள் இறங்கி, ஆவியாக வழியில்லாமல் தேங்கும். இழுபட்ட பிளாஸ்டிக்கில் தின்னர் ஊறினால் ஒரே ராத்திரியில் விரிசல். மேல்தளத்தில் அதே தின்னர் பட்டும் ஒன்றும் ஆகவில்லை பாருங்க, அங்கே இழுவை இல்லை. ஏபிஎஸ் என்ற வகைப் பிளாஸ்டிக் பாகமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். பல கிட்டில் பாகங்களைப் பிடித்திருக்கும் ஸ்ப்ரூ சட்டத்தின் ஓரத்திலேயே பிஎஸ் (பாலிஸ்டைரீன்), ஏபிஎஸ் என்று அச்சு இருக்கும். வெட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்க.

ஒடிந்த காலை வெறும் பசையால் ஒட்டினால் நிற்காது, கப்பலின் எடை முழுக்க அங்கேதான் இறங்குகிறது. இரண்டு பக்கமும் 4 மி.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியை வெட்டி உள்ளே வைத்து சூப்பர் குளூ விடுங்க. துளை கம்பியின் தடிமனுக்கு 0.1 மி.மீ. கூட இருந்தால் போதும். முதலில் கால் பக்கம் துளை, அதன் நடுவில் சொட்டு பெயின்ட் வைத்து உடம்பில் ஒற்றுங்க, எதிர்த் துளைக்கு இடம் தெரிந்துவிடும்.

அடுத்த கிட்டில் ஆணியைப் பாதி நீளத்துக்கு வெட்டி, துளையை 0.2 மி.மீ. பெரிதாக்கி, பசை போட்டு ஒட்டுங்க. இழுவை போய்விட்டால் எனாமல் பயமும் போய்விடும்.

12 அக்டோபர், இரவு 10.55

தேத்தண்ணி விஷயம் விட்டுப்போச்சு. மேட் கிளியர் நுண்ணிய மேடுபள்ளமான பரப்பு, வாஷை மை ஒற்றும் தாள் மாதிரி குடிக்கும். துடைத்தாலும் முழுக்க வராது. வாஷுக்கு முன்னால் கிளாஸ் (பளபளப்பான கிளியர்), எல்லாம் முடிந்த பிறகு மேட். இந்த வரிசையை மாற்றினால் கப்பல் முழுக்க ஒரே சாயம்தான்.

13 அக்டோபர், ஞாயிறு, காலை 11.05

இப்போது இருக்கிற கறையை எடுக்கிற வழி. எனாமல் பூசி இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது, அடியில் லாக்கர், அதனால் இன்னும் வரும். காது குடையும் பஞ்சை எனாமல் தின்னரில் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றிப் பாதி ஈரமாக்கி, ஒவ்வொரு பேனலாக (கோடு பிரிக்கும் தகட்டுக் கட்டம்) துடைங்க. சொட்டச் சொட்டத் தேய்த்தால் மறுபடி இடுக்குக்குள் இறங்கும், மிச்சமிருக்கிற மூன்றாவது காலும் போகும். பேனலின் நடுவைச் சுத்தமாக்கி, ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைங்க. அதுவே உங்களுக்கு முதல் அடுக்கு.

பிறகு கிளாஸ் கிளியர். ஒரு முழு நாள் காயட்டும். அதற்கப்புறம் ‘பின் வாஷ்’ (கோட்டில் மட்டும் பிரஷ் நுனியால் தொட்டு விடும் வாஷ்): 1 பங்கு எனாமல் பெயின்டுக்கு 8 முதல் 10 பங்கு தின்னர். வெளிர்சாம்பல் உடம்புக்குக் கறுப்பு வேண்டாம், கோடு போட்ட படம் மாதிரி ஆகிவிடும். டாமியா கம்பெனி எனாமலில் எக்ஸ்எஃப்-10 பழுப்பு 2 பங்கு, எக்ஸ்எஃப்-63 கறுஞ்சாம்பல் 1 பங்கு. 000 பிரஷ் நுனியை பேனல் கோட்டின் மூலையில் தொட்டால் போதும், தானாக ஓடும். ஓடாவிட்டால் தின்னர் குறைவு. வெளியே பரவினால் கிளாஸ் இன்னும் காயவில்லை, அல்லது அந்த இடத்தில் கிளாஸ் விழவே இல்லை. 20 நிமிடம் விட்டு, பஞ்சை ஒரே திசையில் இழுத்துத் துடைங்க. எந்தத் திசை என்பதுதான் உங்கள் மழைக் கேள்வி. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

13 அக்டோபர், மாலை 6.30

மழை இல்லை என்பது சரி. கறை இல்லை என்பது சரியில்லை.

1984 ஏப்ரலில் சேலஞ்சர் விண்ணோடம் எல்டெஃப் என்ற சோதனைக்கலத்தைச் சுற்றுப்பாதையில் விட்டது. 1990 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. கிட்டத்தட்ட ஆறு வருஷம் வெற்றிடத்தில் கிடந்த கலம் அது. பல இடங்களில் பழுப்புப் படலம். கலத்திலிருந்தே கசிந்த சிலிக்கோன், பெயின்ட் ஆவி போன்றவை திறப்புகள் வழியே வெளியேறி, பக்கத்துப் பரப்பில் ஒட்டி, சூரியனின் புற ஊதாக்கதிர் பட்டு அங்கேயே இறுகிவிட்டன. ஆக வெற்றிடத்திலும் பழுப்பு உண்டு, ஆனால் அது ஒழுகாது. துவாரத்தைச் சுற்றி விசிறியாகப் பரவும், மறைப்பு இருக்கிற பக்கம் கூர்மையான ஓரத்தோடு நிற்கும்.

இதை மாடலில் செய்ய ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் கருவி) வேண்டும். டாமியா எக்ஸ்-19 ஸ்மோக்கை (அடி தெரியும் புகை நிறப் பெயின்ட்) 5 பங்கு தின்னரில் கரைத்து, அழுத்தம் 1 பார், ஊசி 0.2 அல்லது 0.3 மி.மீ. துவாரத்தின் ஒரு பக்கம் தபால் அட்டைத் துண்டை நிறுத்திக்கொண்டு, துவாரத்திலிருந்து வெளிப்பக்கமாக மூன்று நான்கு தடவை மூச்சு விடுகிற மாதிரி அடிங்க. அட்டையை எடுத்தால் ஒரு பக்கம் வெட்டின மாதிரியும் மறு பக்கம் கரைந்தும் இருக்கும்.

ஒழுகல் கறை வேண்டுமா வேண்டாமா என்பதைக் கப்பலின் கால்தான் சொல்லும். தரையிறங்கும் கால் வைத்த கப்பல் ஏதோ ஒரு கிரகத்தில் நின்றிருக்கிறது. அங்கே ஈர்ப்பு இருக்கிறது, எண்ணெய் கசியும், தூசி படியும், மழையும் இருக்கலாம். கால் இல்லாமல் சுற்றுப்பாதையிலேயே கிடக்கிற நிலையத்துக்கு ஒழுகல் போட்டால்தான் தப்பு. உங்கள் கப்பலுக்குக் கால் மூன்று.

14 அக்டோபர், திங்கள், இரவு 8.20

தோட்டத்தில் இருக்கிறவருக்கு மாதிரிப் படம் இணையத்தில் தேட வேண்டாம். செம்பனைக் குலை ஏற்றும் லோரி போதும். ஆலைக்குப் போகும் வழியில் நிற்கும்போது பக்கத்தில் போய்ப் பாருங்க.

செம்மண் எங்கே? சக்கர வளைவுக்குள், அடிச்சட்டத்தில், பின்கதவின் கீழ்ப்பகுதியில். கதவின் நடுவில் கிட்டத்தட்டச் சுத்தம். பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறது? குலை தூக்கும் கவ்வி இடிக்கிற மேல் விளிம்பில், ஏறி இறங்குகிற படியில், கை பிடிக்கிற கம்பியில். எண்ணெய்க் கறை? பின்கதவின் கீல், தாழ்ப்பாள், டீசல் மூடிக்குக் கீழே. மூடிக்குக் கீழே உள்ள கறையில் பழசும் புதுசும் உண்டு. பழசு அகலமாக, மங்கலாக, தூசி ஒட்டி இருக்கும். புதுசு ஒல்லியாக, பளபளவென்று அதற்கு மேலே ஓடும்.

இதை அப்படியே கப்பலுக்குக் கொண்டுவாங்க. சரக்குக் கதவின் கீழ் விளிம்பு, ஏறும் சாய்தளம், கால் பாதம், எரிபொருள் நிரப்பும் வாய், பழுதுபார்க்கத் திறக்கும் மூடிகள். கையும் சக்கரமும் சரக்கும் தொடாத இடத்தில் ஒன்றுமே போடாதீங்க. பரப்பில் முக்கால்வாசி சும்மா இருந்தால்தான் மிச்சக் கால்வாசி பேசும்.

14 அக்டோபர், இரவு 8.45

ஒன்று சேர்க்கணும். லோரி இரும்பு, துரு பிடிக்கும். கப்பல் உடம்பு அலுமினியம் அல்லது டைட்டானியம் என்று வைத்துக்கொண்டால் ஆரஞ்சுத் துரு வரக்கூடாது. அலுமினியம் அரித்தால் வெள்ளைப் பொடிதான் வரும். உரிந்த இடத்தில் மங்கலான வெள்ளி, அதைச் சுற்றி பிரைமர் (அடிப்பூச்சு) நிறம். ஆரஞ்சு ஆசையாக இருந்தால் கால் பாதத்திலும் சங்கிலி மாதிரி பாகங்களிலும் மட்டும் வைங்க, அது எஃகு என்று சொல்லிக்கொள்ளலாம்.

16 அக்டோபர், புதன், இரவு 9.50 (கேட்டவர்)

அண்ணே, பெயின்ட் உரிஞ்ச மாதிரி சிப்பிங்குக்கு ஹேர்ஸ்பிரே போடலாமா? இன்னொரு யோசனை. பெயின்ட் படாம மறைக்கத் தொட்டு வச்சு அப்புறம் உரிக்கிற மாஸ்கிங் ஃபுளூயிட் இங்க கிடைக்கல. அதுவும் ரப்பர் பால்தானே? தோட்டத்துப் பாலையே தொட்டு வைக்கலாமா?

16 அக்டோபர், இரவு 11.00

ஹேர்ஸ்பிரே முறை: அடியில் மங்கிய வெள்ளி அல்லது பிரைமர் நிறம், லாக்கராக இருக்கட்டும். ஒரு நாள் காயட்டும். ஹேர்ஸ்பிரே 25 செ.மீ. தூரத்திலிருந்து இரண்டு மெல்லிய பூச்சு, நடுவில் 5 நிமிடம். காய்ந்ததும் மேல் நிறம் டாமியா அக்ரிலிக், எக்ஸ்-20ஏ தின்னரோடு. 20 முதல் 30 நிமிடத்தில் வேலையைத் தொடங்கணும். வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு சதுர அங்குலம் அளவுக்கு மட்டும் தடவி, ஒரு நிமிடம் விட்டு, கட்டையாக வெட்டின பிரஷால் குத்துங்க. போதும் என்று தோன்றுவதற்கு ஒரு படி முன்னால் நிறுத்தி, டிஷ்யூவில் ஒற்றி, காய்ந்ததும் கிளியர் போட்டு மூடிடுங்க. மூடாமல் விட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு ஈரமும் மறுபடி உரிக்கும். மறுநாள் உரிக்கலாம் என்று வைத்தால் பெயின்ட் இறுகிப்போய் வராது. ஹேர்ஸ்பிரேயைத் தடிமனாக அடித்தால் மேல் நிறம் வறண்ட வயல் மாதிரி வெடிக்கும்.

பால் விஷயம் நல்ல கேள்வி, யோசித்து எழுதணும்.

17 அக்டோபர், வியாழன், மாலை 7.15

ரப்பர் பால். ஆமாம், கடையில் விற்கிற மாஸ்கிங் ஃபுளூயிட் பெரும்பாலும் அம்மோனியா கலந்த ரப்பர் பால்தான். ஆனால் மங்கிலிருந்து (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) எடுத்த பாலுக்கும் அதற்கும் மூன்று வித்தியாசம் உண்டு.

முதலாவது கெட்டியாதல். மரத்திலிருந்து இறங்கின பால் அம்மோனியா இல்லாமல் அன்றைக்கே திரிய ஆரம்பித்துவிடும். திரிந்த பால் பிரஷில் நூலாக இழுக்குமே தவிர, புள்ளி வைக்க முடியாது. இரண்டாவது, பாலில் 100க்கு 30 முதல் 40 பங்குதான் ரப்பர். மிச்சம் தண்ணீரும் அதில் கரைந்த புரதமும் சர்க்கரையும். கடைச் சரக்கு கடைந்து எடுத்த பால், ரப்பர் 60 பங்கு வரை இருக்கும். தோட்டத்துப் பால் காய்ந்தால் படலம் மெல்லிசு, உரிக்கும்போது அறுந்து அறுந்து வரும், கீழே ஒட்டும் பிசுக்கும் நிற்கும். மூன்றாவது தூசி. வடிகட்டாத பாலில் பட்டைத் தூள் இருக்கும், 1/144இல் ஒவ்வொரு துணுக்கும் ஒரு செங்கல்.

செய்துதான் பார்க்கணும் என்றால் புதுப் பாலை நைலான் காலுறை இரண்டு மடிப்பில் வடிகட்டி, அன்றைக்கே, லாக்கர் பரப்பின் மேல் மட்டும் வைங்க. அம்மோனியா போட்டு வைத்த பாலாக இருந்தால் அக்ரிலிக் பெயின்ட் மேல் படவே கூடாது, அம்மோனியா அக்ரிலிக்கை இளக்கிவிடும். ஜன்னல் திறந்திருக்கட்டும். பிரஷை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பில் தோய்த்துவிட்டுப் பாலில் தொடுங்க, இல்லாவிட்டால் பிரஷே ஒட்டுப்பால் (காய்ந்து கட்டியான ரப்பர்) ஆகிவிடும். மேல் நிறம் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் உரிச்சிடுங்க, மறுநாள் வரை விடாதீங்க. விரலால் உருட்டுவதை விட ஒட்டுப்பால் உருண்டையையே ரப்பராக வைத்துத் தேய்த்தால் சுத்தமாக வரும். ரப்பரோடு ரப்பர் ஒட்டிக்கொண்டு வரும்.

19 அக்டோபர், சனி, பிற்பகல் 3.30

ஹேர்ஸ்பிரே பற்றி நான் எழுதினதை மறுபடி படித்தேன். முறை சரி, உங்கள் அளவுக்குப் பொருந்தாது. கணக்குப் பார்ப்போம். 1/144இல் 1 மி.மீ. சில்லு என்றால் நிஜத்தில் 14 செ.மீ. பெயின்ட் பெயர்ந்திருக்கிறது. ஹேர்ஸ்பிரேயில் ஒரு மி.மீ.க்குக் கீழே கொண்டுவருவதே கஷ்டம். நம்ம ஊர் ஈரத்தில் ஹேர்ஸ்பிரே முழுக்கக் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும், சில்லு இன்னும் பெரிதாகத்தான் பெயரும். கப்பல் முழுக்கக் கை அகலச் சில்லு என்றால் அது பழைய கப்பல் இல்லை, பெயின்ட் ஒட்டாத கப்பல்.

1/144க்கு ஸ்பாஞ்ச் போதும். கிட் பெட்டிக்குள் வரும் கறுப்பு நுரைத் துண்டைக் கையால் பிய்த்து (கத்தரித்தால் நேர் விளிம்பு வந்துவிடும்), சாமணத்தில் பிடித்து, பெயின்டில் தொட்டு, தாளில் ஒற்றி ஒற்றி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் விழுகிற பதம் வந்ததும் விளிம்பில் மட்டும் தட்டுங்க. பெரியதாக வேண்டிய இரண்டு மூன்று சில்லுகளை மட்டும் பிரஷில். 0.5 மி.மீ. என்றால் 7 செ.மீ., அதுதான் மேல் எல்லை. கை பிடிக்கிற இடத்துக்கு 2பி பென்சிலின் கரியை விரலில் தேய்த்து ஒற்றினால் இரும்பு மினுமினுப்பு வந்துவிடும். பால் முறையும் இதே கணக்கில் அடிபடுகிறது. அதை 1/72 கிட்டுக்கு எடுத்து வைங்க.

விண்கல் குழி போடணுமா என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்கு. 1983இல் சேலஞ்சரின் ஜன்னலில் ஒரு பெயின்ட் துகள் மோதிச் சில மி.மீ. குழி விழுந்தது, அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் குழி 1/144இல் 0.03 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. சூடான ஊசியால் குத்திக் குத்திப் போடுகிற குழிகள் எல்லாம் நிஜத்தில் தேங்காய் அளவு.

19 அக்டோபர், மாலை 5.10 (கேட்டவர்)

கிளாஸ் போட்டேன் அண்ணே. மழை நின்ன உடனே அடிச்சேன், பால் மாதிரி வெள்ளைப் படலம் வந்துடுச்சு.

19 அக்டோபர், மாலை 5.40

அதைத் தொடாதீங்க, தேய்க்காதீங்க. கெட்டுப்போகவில்லை.

லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும். பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் பனித்து, காய்கிற பெயின்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அந்த வெள்ளைதான் நீங்க பார்ப்பது. மழை நின்ற உடனே காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். நாளை முற்பகல் 11 மணிக்கு மேல், வெயில் நன்றாக விழுந்த பிறகு, அதே கிளாஸை ஒரே ஒரு ஈரமான மெல்லிய பூச்சு அடிங்க. தின்னர் பழைய படலத்தை இளக்கி, மாட்டின ஈரத்தை வெளியே விடும். ரிட்டார்டர் 100க்கு 10 பங்கு கலந்தால் இன்னும் நல்லது, மெதுவாகக் காயும், குளிராது.

இந்த மாதங்களில் பிற்பகல் இடியும் மழையும் வழக்கம். ஸ்ப்ரே வேலை 11 முதல் 2 மணிக்குள். ஈரமானி ஒன்று வாங்கி வைங்க, 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் கிளியர் அடிக்காதீங்க, மேட் கிளியரை நினைக்கவே வேண்டாம். ஸ்ப்ரே டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் நிறுத்தினால் துளி சிறிதாகும். கொதிநீரில் வைக்காதீங்க, வெடிக்கும். ஏர்பிரஷ் ஆட்கள் கம்ப்ரெசர் தொட்டியின் அடித் திருகைத் திறந்து ஒவ்வொரு முறையும் தண்ணீரை வடித்துவிடணும். ஈரம் பிடிக்கும் கிண்ணத்தைக் கம்ப்ரெசரிலேயே மாட்டினால் பாதிப் பயன்தான், காற்று குழாய்க்குள் போய் ஆறின பிறகுதான் தண்ணீராக மாறுகிறது. கைப்பிடிப் பக்கம் இன்னொன்று மாட்டுங்க.

24 அக்டோபர், வியாழன், இரவு 9.30

கப்பலில் பெட்டி, குழாய் சேர்க்கணும் என்று தனியாகக் கேட்டிருந்தீங்க. இது பெயின்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, ஆனால் அடிப்பக்கத்துக்கு இன்னும் கிளியர் அடிக்கவில்லை என்பதால் அங்கே செய்யலாம்.

சின்னச் சின்ன உறுப்புகளை, ஆட்கள் கிரீப்ளி என்று சொல்வதை, உடம்பு முழுக்கத் தூவினால் ஒட்டுண்ணி மாதிரி இருக்கும். பள்ளமான இடத்தில் கூட்டமாக வைத்து, மேடான தகட்டை வெறுமையாக விடுங்க. 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் 6க்கு 4 மி.மீ. பெட்டி, மேலே 0.25 தகட்டில் மூடி. குழாய்க்கு 0.5 மி.மீ. ஈயக்கம்பி, வளைத்தால் வளைந்தபடி நிற்கும். செத்த ரேடியோவின் மின்தடைகள், பேனா ஸ்பிரிங், பழைய டாங்கி கிட்டில் மிச்சமான சக்கரம், எல்லாம் ஆகும். குழாய் ஒவ்வொன்றும் எங்கிருந்தோ எங்கேயோ போகணும், இரண்டு முனையிலும் ஏதாவது ஒரு பெட்டி இருக்கணும். 1/144இல் மனிதன் 12 மி.மீ. உயரம். படி, கைப்பிடி, மூடி எல்லாவற்றையும் அந்த 12 மி.மீ. ஆளுக்கு எட்டும்படி வைங்க.

பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் என்றால் டாமியா பச்சை மூடி மெல்லிய பசை. உலோகம் என்றால் சூப்பர் குளூ. முடிந்ததும் சாம்பல் பிரைமர், பல நிறத்துத் துண்டுகள் ஒரே உடம்பாகும்.

26 அக்டோபர், சனி, இரவு 10.15

நிறத்தில் உயிர் வருவதற்கு எண்ணெய் வண்ணம். ஓவியர் டியூப்: பர்ன்ட் அம்பர், டைட்டானியம் ஒயிட், மஞ்சள் காவி, விளக்குக் கறுப்பு. அட்டைப் பெட்டித் துண்டில் பிதுக்கி மூன்று மணி நேரம் வைங்க, அட்டை எண்ணெயைக் குடித்துவிடும், பிறகு பளபளப்பில்லாமல் காயும். ஒரு பேனலுக்கு நாலைந்து புள்ளி, ஒவ்வொன்றும் குண்டூசித் தலையில் பாதி. வாசனையில்லா வைட் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த தட்டைப் பிரஷால் இழுத்துக் கரைங்க. பக்கத்துப் பேனலில் வேறு கலவை. பேனலுக்குப் பேனல் நிறம் ஒரு நூல் மாறினால் போதும்.

இதற்கு நிஜ மாதிரி உண்டு. விண்ணோடத்தின் அடிப்பக்கக் கறுப்பு ஓடுகளில் பல தடவை பறந்தவை சாம்பல் பூத்திருக்கும், புதிதாக மாற்றினவை நல்ல கறுப்பாக அங்கங்கே கட்டம் கட்டமாகத் தெரியும். உங்கள் கப்பலிலும் இரண்டு மூன்று பேனல் புதுசாக, கொஞ்சம் வெளிச்சமாக இருக்கட்டும்.

ஹார்ட்வேர் கடை தின்னரை இதற்குப் பயன்படுத்தாதீங்க, பிளாஸ்டிக்கையே கரைக்கும். ஏர்பிரஷ் கழுவ மட்டும் ஆகும். அம்பர் சீக்கிரம் காயும், விளக்குக் கறுப்பு நாளாகும், நம்ம ஈரத்தில் ஒரு வாரம் கூட எடுக்கும். தீபாவளிக்குள் முடிக்கணும் என்று அவசரப்பட்டு மேட் கிளியர் அடிச்சிடாதீங்க.

1 நவம்பர், வெள்ளி, மாலை 6.00

தீபாவளி வாழ்த்து தம்பி. வீட்டு முன்னால் சிமெண்டைக் கழுவுவதற்கு முன் புஸ்வாணம் வைத்த இடத்தைப் படம் எடுத்து வைங்க. நடுவில் வெளுத்த சாம்பல், சுற்றிக் கறுப்பு, அதற்கு வெளியே பழுப்பு, ஓரம் கதிர் கதிராக. இயந்திர வாய்க்குப் பின்னால் நிறையப் பேர் நடுவில்தான் கடும் கறுப்பு வைக்கிறார்கள். அதிகச் சூடான இடத்தில் கரி தங்காது, எரிந்து வெளுத்துவிடும்.

இயந்திர வாயின் உலோகத்துக்குச் சூட்டு நிறம்: வெள்ளி மேல், சூட்டிலிருந்து தூரமான பக்கம் தொடங்கி, எக்ஸ்-24 கிளியர் மஞ்சள், பிறகு எக்ஸ்-26 கிளியர் ஆரஞ்சில் கொஞ்சம் ஸ்மோக், பிறகு கிளியர் சிவப்பும் நீலமும் கலந்த ஊதா, சூட்டுக்கு மிக அருகில் எக்ஸ்-23 கிளியர் நீலம். ஒவ்வொரு பட்டையும் 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம், ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறட்டும். நீலத்தை வெளியே வைத்தால் தலைகீழ்.

3 நவம்பர், ஞாயிறு, பகல் 12.20 (கேட்டவர்)

இயந்திர வாய்க்குள்ள எல்இடி வைக்கணும் அண்ணே. 9 வோல்ட் பேட்டரிக்கு எந்த மின்தடை? அப்புறம், தோட்டத்துச் செம்மண்ணையே காலில் பூசலாமா?

3 நவம்பர், பகல் 1.00

வெள்ளை எல்இடி 3 வோல்ட் எடுக்கும். 9இல் 3 போக 6. 10 மில்லி ஆம்பியர் போதும், 6ஐ 0.01ஆல் வகுத்தால் 600 ஓம், கடையில் 680 கிடைக்கும். ஆனால் பேட்டரி வேண்டாம், ஃபோன் சார்ஜர் 5 வோல்ட் எடுங்க: 2ஐ 0.01ஆல் வகுத்தால் 200, கடையில் 220. ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி மின்தடை. உடம்பின் உள்பக்கம் முதலில் கறுப்பு, அதன் மேல் வெள்ளி. கறுப்பு இல்லாவிட்டால் பிளாஸ்டிக் முழுக்க விளக்குக் கூண்டு மாதிரி மின்னும்.

செம்மண் பூசலாம். சல்லடை போதாது: 0.1 மி.மீ. மணல் துகள் 1/144இல் 14 மி.மீ. சரளைக் கல். ஒரு டம்ளர் தண்ணீரில் மண்ணைக் கலக்கி, ஒரு நிமிடம் விட்டு, மேலே கலங்கி நிற்கிற தண்ணீரை மட்டும் வேறு டம்ளரில் ஊற்றுங்க. அது ராத்திரி முழுக்கப் படியட்டும். தெளிந்த தண்ணீரைக் கொட்டி, அடியில் நிற்கிற சேற்றை வெயிலில் காய வைத்து, பிறகு வாணலியில் சூடாக்குங்க. சூடாக்காத மண்ணில் பூஞ்சை வந்துவிடும். ஆறினதும் பொடித்தால் மைதா மாதிரி இருக்கும், கடைப் பிக்மென்டுக்குக் குறைவில்லை.

9 நவம்பர், சனி, இரவு 9.00

ஒரு திருத்தம். 13ஆம் தேதி வாஷைத் துடைக்கும் திசை பற்றித் தனியாக எழுதுகிறேன் என்று சொல்லி விட்டுவிட்டேன். 14ஆம் தேதி லோரிக் கறையைச் சொன்னபோது எல்லாம் கீழ்நோக்கி என்பது போல வந்துவிட்டது. கப்பலுக்கு இரண்டு திசை உண்டு. காற்றுமண்டலத்தில் பாய்ந்து வரும்போது மூக்கிலிருந்து வால் பக்கம். தரையில் நிற்கும்போது மேலிருந்து கீழ். மேல்தளத்தில் மூக்கிலிருந்து வாலுக்குத் துடைங்க. பக்கச் சுவர்களில் முதலில் அதே திசையில் மங்கலாக ஒரு அடுக்கு, அது காய்ந்த பிறகு எரிபொருள் வாய்க்கும் கீல்களுக்கும் கீழே மட்டும் நேர்கீழாக இரண்டு மூன்று மெல்லிய கோடு. எண்ணெய் வண்ணத்தில் அம்பர் புள்ளி வைத்து, வைட் ஸ்பிரிட்டில் ஈரமான பிரஷால் ஒரே இழுப்பு. கோட்டின் தலை கடுமையாக, வால் கரைந்து. நீளம் 8 மி.மீ.க்கு மேல் போனால் சுருக்குங்க.

புதுக் கறையின் பளபளப்புக்கு: மேட் கிளியர் எல்லாம் முடிந்த பிறகு, ஒரு துளி கிளாஸில் கொஞ்சம் ஸ்மோக் கலந்து, பழைய கோட்டின் மேல் பாதி அகலத்தில் இழுங்க.

16 நவம்பர், சனி, மாலை 4.30 (கேட்டவர்)

மேட் கிளியர் வெள்ளை இல்லாம வந்துடுச்சு அண்ணே, 12 மணிக்கு அடிச்சேன், ஈரமானி 63. செம்மண் தூள் கிளியருக்கு முன்னால வச்சேன், இப்போ பாதி மறைஞ்ச மாதிரி இருக்கு.

16 நவம்பர், மாலை 5.05

கிளியர் தூளை நனைத்து நிறத்தைத் தின்றுவிடும், துகளுக்கு இடையில் இருந்த காற்று போய்விடுவதால். மறைந்ததைச் சுரண்ட வேண்டாம், அது பழைய சேறாக அடியில் இருக்கட்டும். அதன் மேல் மறுபடி உலர்ந்த தூளை, மூன்று பாதங்களிலும், சாய்தளத்தின் கீழ் 5 மி.மீ.இலும் மட்டும் வைங்க. பிரஷ் நுனியில் ஒரு சொட்டு வைட் ஸ்பிரிட் எடுத்துத் தூளின் ஓரத்தில் தொட்டால் தானாக ஊறும். காயும் வரை விரல் படக்கூடாது, பட்டால் ரேகை அப்படியே நிற்கும். இதற்கு மேல் கிளியர் வேண்டாம்.

கம்பி வைத்து ஒட்டின இரண்டு காலிலும் மூட்டுப் பக்கம் வைட் ஸ்பிரிட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்க. வெடிக்காத மூன்றாவது கால் இன்னும் இழுவையில்தான் நிற்கிறது, அதற்கு மட்டும் தூளை உலர்வாகவே தேய்த்து விடுங்க.